தண்ணி ஒட்டாத படங்கு

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். என் வீட்டுக்காரியக் கேட்டா இன்னும் நல்லாச் சொல்லுவா. ஆனா அந்தத் துணிய மொதல் தடவ பார்த்தப்ப வாயடைச்சுப் போய் நின்னவனும் நான்தான்.

கண்டிப் பக்கம் ஒரு கார்மென்ட்ல துணிகள சோதிக்கிற அறையில எனக்கு வேல. மழைக்கோட்டுத் துணி, ஆஸ்பத்திரித் துணி, தீப்புடிக்காத துணின்னு என்னென்னமோ வரும். ஒரு நாள் அந்த அறைக்குப் பொறுப்பான எங்க சேர் சாம்பல் நிறத் துணி ஒண்ண விரிச்சு, மேல தண்ணி ஊத்தினார். ஒரு சொட்டு ஒட்டல. சேம்பு எலையில உருளுற மாதிரி உருண்டு ஓடிப்போச்சு. பிளாஸ்டிக் பூச்சுமில்ல, வாயில வச்சு ஊதினா காத்து அந்தப் பக்கம் போகுது. "நனோ"ன்னார் சேர். கண்ணுக்கே தெரியாத மணல் துகள நூல் மேல ஒட்ட வச்சிருக்காங்களாம். ஒரு தலமயிரோட அகலத்துல ஆயிரத்துக்கும் மேல அடுக்கலாமாம். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

உடனே வீட்டுக்காரியோட இடுப்புதான் ஞாபகம் வந்துச்சு. அவ பன்விலப் பக்கம் தோட்டத்துல கொழுந்தெடுக்கிறவ. தேயிலச் செடி உரசாம இருக்க இடுப்ப சுத்திச் சாக்குப் படங்கு கட்டுவாங்க. மழையில அது ஊறி, நாள் பூரா ஒடம்போட ஒட்டிக் கெடக்கும். அதுல முன்பக்கம் புண்ணாகி ஆறவே இல்ல. ஈரம் படக்கூடாது, இல்லாட்டி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறத நிப்பாட்டுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். "மலைக்குப் போகாம வீட்ல குந்திக்கிட்டு என்னங்க பண்றது?"ன்னு அழுதா.

கட்டிப் பார்த்து எப்படின்னு சொல்றோம்னு சேர்கிட்ட கெஞ்சி, ஒரு துண்டு வாங்கிட்டு வந்தேன்.

அதப் படங்காக் கட்டின மொத நாளே மழ கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. சாயங்காலம் வந்தவ வாசல்லயே நின்னு, என் கையப் புடிச்சு இடுப்புல வச்சா. காஞ்சிருந்துச்சு. "என்னங்க இது, சூனியமா?"ன்னா. மூணு வாரத்துல புண்ணு பொருக்குத் தட்டிருச்சு.

அப்புறந்தான் அதத் துவைச்சா.

நான் வேல விட்டு வந்தப்ப படங்கு கொடியில தொங்குது. அவ மொகத்துல ஒரே பெருமை. "பிடிவாதம் புடிச்ச துணிங்க! தண்ணியே உள்ள போகல. தண்ணி போகாம அழுக்கு எப்படிப் போகும்? மலையிலருந்து கொட்டுற பீலித் தண்ணியில சோப்புத்தூள் போட்டு, பிரஷால தேய்ச்சுத் தேய்ச்சுக் குடிக்க வச்சிட்டேன்."

"அடிப்பாவி!" நான் கத்தின கத்துல லயத்துல பக்கத்துக் காம்பராக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. துவைக்கிறதப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்த நான் சொல்லல, அது என் மடத்தனம். மறுநாள் நனைஞ்சு வந்தா. ரெண்டே நாள்ல புண்ணு திரும்பவும் செவந்துச்சு.

சேர் திட்டுவார்னு நெனச்சுக்கிட்டுதான் படங்கக் கொண்டுபோனேன். அவர் திட்டல. "மிஷின்ல எத்தனையோ தடவ துவைச்சுப் பார்த்தோம். தண்ணி போகாட்டி அழுக்குப் போகாதுன்னு ஒருத்தர் நெனச்சு இப்படித் தேய்ப்பாங்கன்னு யாருக்குமே தோணலயே"ன்னார். சோப்புப் போக அலசி, காயவச்சு, நல்ல சூட்டுல அயன் பண்ணச் சொன்னார். பண்ணித் தண்ணி தெளிச்சேன். அம்மாடி! திரும்பவும் முத்து முத்தா உருண்டுச்சு.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எடத்துல மட்டும் உருளல. அங்க துகள் தேஞ்சு போச்சு, இனி வராதுன்னார்.

"போனது எங்க சேர் போச்சு? அந்தப் பீலித் தண்ணி கீழ இருக்கிற லயத்து வீடுங்க பக்கந்தானே ஓடுது."

அவர் அந்த எடத்த வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தார். "அதத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம். இன்னும் சரியாத் தெரியல." இவ்வளவு பெரிய அதிசயத்தப் பண்ணின படிச்சவங்களுக்கே தெரியலையேன்னு எனக்குப் பயமா இருந்துச்சு.

வீட்டுல எல்லாத்தையும் சொன்னேன். அவ படங்கக் கட்டிப் பார்த்தா. அந்த உள்ளங்கை அகலம் சரியாப் புண்ணு மேல வந்து நின்னுச்சு. புண்ணுக்குப் போட்ட மருந்தோட கறை பட்ட எடம். அங்கதான் அழுத்தித் தேய்ச்சிருக்கா. கத்தினத நெனச்சு வெக்கமா இருந்துச்சு.

"ஏன் இப்படி முழிக்கிறீங்க?"ன்னா. படங்க அவுத்தா. மேல இருந்தது கீழ வர்ற மாதிரி தலகீழாத் திருப்பிக் கட்டினா. "இப்ப அது முழங்காலுக்குப் போயிருச்சு. முழங்கால்ல எனக்குப் புண்ணு இல்லயே? இனிமே பீலிக்கும் கொண்டுபோகல, ஈரத்துணியால தொடச்சுக்கிறேன்."

மறுநாளும் மழ விடல. சாயங்காலம் வந்தவ படங்க அவுக்காம வாசல்லயே நின்னா. அவளே என் கைய எடுத்து இடுப்புல வச்சா.

காஞ்சிருந்துச்சு.