மூக்கால் விற்ற அடுப்பு

கேஸ் அடுப்பு விற்பவளுக்குச் செருப்பைவிட வாய்தான் சீக்கிரம் தேயும். வீடு வீடாக ஏறி இறங்கி எதையாவது விற்கிற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கீரைக்கட்டில் பேரம் பழகி, இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். யாரிடமும் அசந்ததில்லை, பெரிய காஞ்சிபுரத்தில் அந்த ஒரு நெசவாளியைத் தவிர.

வெடிக்கும் என்றார்கள்

ஏகாம்பரம் வீட்டில் கூடம் முழுக்கத் தறி. ஒரே ஒரு கதவு தள்ளி விறகடுப்பு. அவர் மனைவி அம்சா ஊதாங்குழலை ஊதுவது பாதி, இருமுவது பாதி. பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புகையே ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். விற்பனை கிடக்கட்டும், எனக்கே பயமாகிவிட்டது.

"அண்ணே, அண்ணி நெஞ்சு என்னாத்துக்கு ஆகும்?" என்றேன். அவர் தறியில் ஓடுகிற நாடாவை நிறுத்தவேயில்லை. "சிலிண்டர் வெடிச்சா தறி பூடுமே" என்றார். யார் சொன்னது? இவர் விறகு வாங்குகிற விறகுத்தொட்டிக்காரர் சொன்னாராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ரெகுலேட்டரை மூடிக் காட்டினேன், டியூப்பை இழுத்துக் காட்டினேன், கடைசியில் தொண்டை கிழியக் கத்தினேன். ஏகாம்பரம் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்.

"அடுப்பு வெடிக்குதோ இல்லியோ, நீ இப்பவே வெடிக்கிறியேம்மா!"

தொட்டிக்காரர் வீட்டு டீ

அதே ஆத்திரத்தோடு விறகுத்தொட்டிக்குப் போனேன். முசரவாக்கம் ஏரிக்கரைப் புளியமரம் ஒன்று துண்டு துண்டாகக் குவிந்து கிடந்தது. "கரையை மொட்டையடிச்சது பத்தாதுன்னு, கேஸ் வெடிக்கும்னு புரளி வேற கெளப்புறியா?" என்று பிடித்துக்கொண்டேன். தொட்டிக்காரர் அசரவில்லை. "மொட்டைதாம்மா. இப்பல்லாம் லாரி வாலாஜாபாத் தாண்டிப் போனாதான் மரமே கெடைக்குது" என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

டீ குடித்தால் கோபம் ஆறும் என்று உள்ளே குரல் கொடுத்தார். சொல்லி வாய் மூடுவதற்குள் டீ வந்துவிட்டது. விறகடுப்பில் இவ்வளவு சீக்கிரமா? எட்டிப் பார்த்தேன். பளபளவென்று மூன்று பர்னர் கேஸ் அடுப்பு! நான் முறைத்த முறைப்பில் மனுஷன் நெளிந்தார்.

"வெறகு விக்கிறதுக்கும்மா. அந்தப் புகையில யாரு ஒக்காந்து சமைப்பாங்க?"

இரண்டு புடவை

இதை அப்படியே ஏகாம்பரத்திடம் ஒப்பித்தேன். "அவரு வூட்டுல தறி இல்லியே" என்றார். தறி, தறி, தறி! அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அடுத்த தெருவில் கேஸில் சமைக்கிற நெசவாளி ஒருவரை, தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த புடவையோடு கையோடு இழுத்து வந்தேன். "அண்ணே, இத மோந்து பாருங்க. இப்ப உங்க தறியில கீறத மோந்து பாருங்க."

தறியில் இருந்தது அரக்குச் சிவப்பு முகூர்த்தப் புடவை. குனிந்து மோந்தார். மறுபடி மோந்தார். முகம் சுண்டிவிட்டது. "ஐயையோ, தாலி கட்டற நேரத்துல பொண்ணு மேல புகை வாடை அடிக்குமே!" இன்றைக்கே எழுதிக்கொள்ளச் சொன்னார். லைட்டர் இலவசமாக வேண்டுமாம். தருகிறேன், ஆனால் அடுப்பு வருகிற அன்று பழைய மண்ணடுப்பை என் கண்ணெதிரே உடைக்கவேண்டும் என்று நானும் பேரத்தில் நின்றேன்.

உடைத்தார். புது அடுப்பில் பால் பொங்கியது. அம்சா அந்த நீலத் தீயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னிடம் சொல்வதுபோல, தறிக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"பத்து வருசமா நான் இருமிக்கினு கீறேன், ஒருத்தர் காதுலயும் வுழல. பொடவையில லேசா வாடை அடிச்சுது, அடுப்பு வந்துச்சு பாத்தியாக்கா!"

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் நெஞ்சு, நுரையீரல் என்று நான் வாயைத் திறப்பதில்லை. அந்த வீட்டு ஆம்பளைக்கு எது உயிரோ, அதைத்தான் முதலில் மோந்து பார்க்கச் சொல்கிறேன்.