ஒன்று பத்துக்கு எழுந்த அலை

பேய், ஆவி, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவே ஒரு பூட்டிய வீட்டுக்குப் பயந்து சுற்றிப் போகும், நான் மட்டும் அதன் வாசலில்தான் ஸ்கூட்டரை நிறுத்துவேன், அங்கேதான் நல்ல நிழல். அதனால் இதை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் கண்ணால் பார்த்தது, காகிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது.

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாக இருந்தேன். இதயத்துக்கு ஈசிஜி எடுப்பது எல்லோருக்கும் தெரியும், வயிற்றுக்கும் அதுபோல ஒன்று உண்டு என்றால் அன்றைக்குப் பலர் சிரிப்பார்கள். வயிற்றின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி ஒயரை மாட்டினால், இரைப்பையில் ஓடும் மின்சாரத்தை ஊசி காகிதத்தில் வரையும். நல்ல இரைப்பைக்கு நிமிடத்துக்கு மூன்று அலை, சாப்பிட்டதும் அலை உயரும். ஒரே நிபந்தனை, படுத்திருப்பவர் அசையக்கூடாது, பேசக்கூடாது, பேசினால் கோடு கெட்டுவிடும்.

முனிரத்தினம் பொம்மசந்திராவில் லேத் ஓட்டுகிறவர். புண் முற்றிப்போய் இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்திருந்தார்கள், மீதிப் பாதி விழித்துக்கொள்ளவே இல்லை. ஒன்பது நாளாக மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், என் காகிதத்தில் செத்த கோடு. அவர் மனைவி கஸ்தூரியம்மா வெளியே பெஞ்சிலேயே கிடந்தார். அவர் வாயில் சோறு போகாமல் நான் மட்டும் எப்படித் தின்பது என்று டீயிலும் வாழைப்பழத்திலும் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் காலை டாக்டர் சொல்லிவிட்டார், இன்றும் கோடு அசையாவிட்டால் நாளை மறுபடி திறக்கவேண்டும், ஆள் தாங்குவாரா தெரியாது என்று.

அன்றைக்குப் பன்னிரண்டரைக்கு மிஷினைப் போட்டேன். கதவைச் சாத்திவிட்டேன், உள்ளே நானும் அவரும் மட்டும்தான். நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை. சரியாக ஒன்று பத்துக்கு ஊசி அசைந்தது, அப்புறம் எழுந்தது, நிமிடத்துக்கு மூன்று, அதுவும் சும்மா இல்லை, வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கு வருகிற மாதிரி உயர உயர அலை. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன், ஸ்டிக்கரை அழுத்திப் பார்த்தேன், ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது.

அப்போது முனிரத்தினம் முனகினார், "உப்பே இல்ல."

"பேசாதீங்கண்ணே, கோடு கெட்டுடும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. யாரோ இவருக்குத் திருட்டுத்தனமாகச் சோறு ஊட்டியிருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் செய்கிற வழக்கமான காரியம்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போனால், மாடிப்படித் திருப்பத்தில் கஸ்தூரியம்மா கை கழுவிக்கொண்டிருந்தார், பக்கத்தில் எங்கள் வார்டு ஆயா லட்சுமம்மா, கன்னடக்காரர்.

"அவருக்கு என்னம்மா குடுத்தீங்க? உயிரோட விளையாடுறீங்களா?"

அந்தம்மா அழுதுவிட்டார். "சாமி சத்தியமா அவருக்கு ஒண்ணும் குடுக்கலண்ணா. நான்தான் சாப்ட்டேன். மயக்கமா வருதுன்னு சொன்னேன், இந்தம்மா விடவே இல்ல."

"நன் டப்பாதான் சார், என் சாப்பாடு," என்றார் லட்சுமம்மா. "ஊட்டா மாடு, சாப்பிடு சாப்பிடுன்னு நான்தான் பலவந்தமா திங்க வச்சேன். இப்பதான், ஒண்ணு பத்து இருக்கும். எனக்கு பிபி இருக்குதில்ல, உப்பு போடாத தயிர்சாதம்."

நம்புங்கள், நம்பாமல் போங்கள், கையிலிருந்த காகிதத்தை மறுபடி விரித்துப் பார்த்தேன்.

டாக்டரிடம் காட்டினேன், நடந்ததையும் சொன்னேன். அவர் அலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், மீதியைக் கேட்டுச் சிரித்தார், தற்செயல் என்றார். இருக்கலாம். ஆபரேஷன் ரத்தானது, மறுநாள் முனிரத்தினம் கஞ்சித் தண்ணீர் குடித்தார், அடுத்த வாரம் இருவரும் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் இதையெல்லாம் மறந்துகூடப் போயிருப்பேன்.

நாலு வருடம் கழித்துச் செக்கப்புக்கு வந்தார், தனியாக. கஸ்தூரியம்மா போய் ஆறு மாதம் ஆகிறது என்றார், காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லையாம். படுக்கவைத்து ஸ்டிக்கரை ஒட்டினேன். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஒன்று பத்து. ஊசி எழுந்தது, அதே உயரத்துக்கு.

முனிரத்தினம் கண்ணை மூடியபடியே சொன்னார், "இன்னைக்கு உப்பு சரியா இருக்கு."

பேசாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காகிதத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்கே தெரியாது. இன்றைக்கு வரைக்கும் ஒன்று பத்துக்கு மட்டும் நான் சாப்பிட உட்காருவதில்லை.