அப்பாவைக் கடலில் பார்த்தவர்

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த மலரைப் புரட்டும் உங்களில் பலர் அவரைப் பேர்லேண்ட் கோயில் பார்க்கிங் லாட்டில், வேட்டியும் வெள்ளை ஸ்னீக்கர்ஸுமாகப் பார்த்திருப்பீர்கள். "அங்கிள் ரொம்பப் பேச மாட்டாரோ?" என்று என்னிடம் விசாரித்தும் இருப்பீர்கள். பேச ஆள் இல்லை என்பதுதான் உண்மை. நானும் என் கணவரும் காலையில் காரை எடுத்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவோம். கார் ஓட்டத் தெரியாதவருக்கு டெக்சஸில் வீட்டை விட்டால் போக்கிடம் ஏது?

அப்பா பிறந்தது நாகப்பட்டினத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, படிப்பை நிறுத்தி, சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போய்வந்த சரக்குக் கப்பலில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1942 ஏப்ரலில் ஜப்பானின் ரியூஜோ என்ற விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. அதிலிருந்து கிளம்பிய விமானங்கள் போட்ட குண்டில் அப்பாவின் கப்பல் மூழ்கியது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தார். சுற்றிலும் ஒரு தலைகூடத் தெரியவில்லையாம். அப்போது ஒரு விமானம் மட்டும் தாழ்வாகத் திரும்பி வந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த முகம் அப்பாவைப் பார்த்தது. தன் கதை முடிந்தது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுடவில்லை, போய்விட்டது. மறுநாள் ஒரிசாக் கரை மீனவர்கள் அவரைப் படகில் தூக்கிப் போட்டார்கள்.

அதன்பின் கடல் பக்கமே தலைவைக்காமல் திருச்சியில் ஒரு மில்லில் கணக்கு எழுதி என்னை இன்ஜினியராக்கினார். அம்மா காலமானதும் எங்களிடம் வந்தார்.

சனிக்கிழமைதோறும் கோயிலில் எங்கள் பெயர்களுக்கு அர்ச்சனை செய்வார். கூடவே இன்னொரு தேங்காயும் வாங்குவார். அதற்குக் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டால், "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பார். திடீரென்று என்ன இவ்வளவு பக்தி என்று ஒருநாள் காரில் கிண்டல் செய்தேன்.

"சாமிக்கு இல்லம்மா. அந்தப் பிளேன்காரனுக்கு. பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. வேற என்னன்னு சொல்றது?"

"குண்டு போட்டவனுக்கா அர்ச்சனை?"

"அந்தக் கடல்ல நான் தனியாக் கெடந்ததைப் பாத்தவன் அவன் ஒருத்தன்தாம்மா. உங்கம்மாவுக்குக்கூட நான் சொல்லித்தான் தெரியும். அவன் பாத்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃப்ரீவேயில் ஓட்டிக்கொண்டிருந்ததால் அதையும் ஒழுங்காக அழ முடியவில்லை.

பகலில் எங்கள் தெருவில் இருந்த இன்னொரு மனிதர் பக்கத்து வீட்டு ஃப்ராங்க் அங்கிள். யுத்தத்தில் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். வேலியோரம் நின்று அப்பா ரியூஜோவின் பெயரைச் சொன்னதும் அவர் மடமடவென்று ஒப்பித்துவிட்டார். பிலிப்பைன்ஸைத் தாக்கியது, நம் கடலுக்கு வந்தது, பிறகு அலாஸ்கா பக்கம் போனது, அதே வருட ஆகஸ்டில் சாலமன் தீவுகளருகே அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்தது, எல்லாம். ஆட்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் போய்விட்டார்கள் என்றாராம். நல்ல செய்தி சொன்னதாக நினைத்து அப்பாவின் முதுகில் தட்டியும் கொடுத்திருக்கிறார்.

அன்று அப்பா சாப்பிடவில்லை. அடுத்து மகாளய அமாவாசை வந்தது. இருப்பவருக்கு அர்ச்சனை, இறந்தவருக்கு எள்ளும் தண்ணீரும். அந்த மனிதர் இதில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அப்பா தவித்துப்போனார். உயிரோடு இருப்பவருக்கு எள்ளுத்தண்ணீர் விடலாமா? முன்னோர்களுக்கு இறைத்து முடித்த பிறகும் கொஞ்சம் எள்ளைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அதைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு எழுந்தார்.

"மூழ்கினது கப்பல்தானேம்மா? என் கப்பலுந்தான் மூழ்கிச்சு. நான் இருக்கேன்ல?"

அந்தச் சனிக்கிழமையும் அந்தத் தேங்காயை வாங்கினார்.

பக்கவாதம் வந்து அப்பா படுத்த நாட்களில் ஆஸ்பத்திரியில் முறை போட்டு உட்கார்ந்த நண்பர்களுக்கும், ரசம் சாதம் கொண்டுவந்த ஆன்ட்டிகளுக்கும், காரியங்களை நடத்திவைத்த குருக்களுக்கும், சவப்பெட்டியருகே நின்று சல்யூட் அடித்த ஃப்ராங்க் அங்கிளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அப்பா போன அன்று நாகப்பட்டினம், திருச்சி, நியூ ஜெர்சி என்று அவரை அறிந்த எல்லோருக்கும் ஃபோன் பண்ணிச் சொன்னோம். ஒருவர் பாக்கி. அவருக்கு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.