கதவு சார்

“எந்திரிங்க. வெளிய போங்க. கதவ சாத்துங்க. இப்ப தட்டுங்க.”

கணினித் திரையில் ஒரு காலி நாற்காலி. எங்கிருந்தோ டொக், டொக், டொக். “உள்ள வாங்க” என்கிறார் கதவு சார். தலை சீவாத பையன் ஒருவன் வந்து உட்காருகிறான்.

“முன்னாடி இங்க உக்காந்திருந்தது தூங்கி எந்திரிச்ச ஆளு. இப்ப வந்திருக்கிறது வேலைக்கு வந்த ஆளு. வித்தியாசம் தெரியுதா?”

யாருக்கும் தெரியவில்லை. மதிப்பெண் போடுகிறவர் கேட்பதால் தெரிகிறது என்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் நேரலை வகுப்பில், கடைசி வருடப் பிள்ளைகளை நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்வது அவர் தொழில். தேர்வே திரையில்தானே நடக்கிறது, கதவு எதற்கு என்று கேட்டால், “உக்காந்த எடத்துலயே வேலைக்கு வந்தா, உக்காந்த எடத்துலயே வேலை போயிரும்” என்பார். கூப்பிடாமல் உள்ளே வரக் கூடாது என்பது அவர் சட்டம். கூப்பிட்டது காதில் விழாமல் இரண்டு வகுப்பு முடியும்வரை ஒருத்தன் வாசலிலேயே நின்றானாம். அந்த வருடம் முதல் வேலை அவனுக்குத்தானாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

“சார், எங்க வீட்ல கதவே கெடையாது. ஒரே ரூம், நடுவுல துணிதான் தொங்குது” என்றாள் ஒருத்தி. மனிதர் ஒரு நிமிடம் யோசித்தார்.

“தொண்டைய கனைம்மா.”

கனைத்தாள்.

“உள்ள வாங்க” என்றார், அதே மரியாதையோடு.

இவ்வளவு சட்டம் பேசுகிறவருக்கு மைக்கைப் போட மட்டும் நினைவிருக்காது. அவருடைய பாடத்தின் முதல் மூன்று நிமிடத்தை இன்றுவரை ஒரு ஜீவன் கேட்டதில்லை. பிள்ளைகளும் சொல்ல மாட்டார்கள்; அதற்குள் பல் தேய்த்துவிடலாம். அவர் மனைவிதான் அடுத்த அறையில் அதே வகுப்பைத் தன் போனில் திறந்துவைத்துக்கொண்டு காவல் இருப்பார்.

“மைக்கு! ஏழு வருஷமா செவுத்துக்கே பாடம் நடத்துறீங்க. இந்நேரம் செவுரு பாஸாயிருக்கும்.”

போன செவ்வாய்க்கிழமை கதவு சாருக்கே நேர்முகத் தேர்வு. இந்தப் பாடத்துக்கு மூன்று ஆசிரியர்கள் எதற்கு, ஒருவர் போதும் என்று பல்கலைக்கழகம் முடிவுகட்டியிருந்தது. காலை பத்து மணிக்குத் திரையில் தேர்வுக் குழுவினர் மூன்று பேர் வந்து, குனிந்து காகிதம் புரட்டினார்கள். இவர் சத்தம் போடாமல் எழுந்தார். வெளியே போனார். கதவைச் சாத்தினார். தட்டினார்.

பதில் இல்லை. மறுபடியும் தட்டினார். ஊஹூம்.

“உள்ள போங்களேன்” என்றார் மனைவி.

“கூப்பிடாம எப்படிப் போறது?”

“மைக்க போட்டீங்களா?”

மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போனால் சட்டம் போச்சு. போகாவிட்டால் வேலை போச்சு.

முழங்கால் வலி என்று நாலு படி ஏறாத அந்த அம்மாள், கதவை ஒரு முழம் திறந்து, கேமரா கண்ணில் படாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து போனார். மேசை விளிம்பில் ஒரு விரல் மட்டும் எழுந்தது, மைக்கைப் போட்டது, இறங்கியது. வந்த வழியே பின்னுக்குத் தவழ்ந்து வெளியே வந்து, கதவைச் சாத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“இப்ப தட்டுங்க.”

கதவு சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்போதுதான் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தவர்போலக் காலை மிதியடியில் ஒரு முறை துடைத்தார். பிறகு விரலை மடக்கித் தட்டினார்.