ரோட்டில் போட்ட ராகி

ராகி மாவில் கேக் போடுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. மைதா கேக் வெள்ளையாக உள்ளே போய்ப் பொன்னிறமாக வெளியே வரும், பார்த்தாலே தெரிந்துவிடும். ராகி மாவோ கலக்கும்போதே காப்பிக்கொட்டை நிறம். வெந்தாலும் அதே நிறம், கருகினாலும் ஏறக்குறைய அதே நிறம். குச்சியால் குத்திப் பார்க்கலாமென்று ஓவன் கதவைப் பாதியில் திறந்தால் நடுவில் குழி விழுந்துவிடும். ஆகவே மூக்கை நம்பித்தான் தொழில். என் மூக்கு ஏற்காட்டுப் பனிக்கு வாக்கப்பட்டது, வருடத்தில் பாதி நாள் அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கு மூக்கு என் கணவர்தான்.

அவர் எஸ்டேட்டில் காப்பி வறுக்கிற இடத்தில் இருந்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டு, நான் போடும் கேக்குகளைப் பெட்டியில் கட்டி, பைக்கில் தங்கும் விடுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். கேக் வேகும்போது ஓவனுக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். முதலில் நாட்டுச்சர்க்கரை வாசம் வரும், அப்புறம் கமலா ஆரஞ்சுத் தோல், கடைசியில் வாணலியில் ராகி வறுபடும் வாசம் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கடைசி வாசம் எழுந்ததும், திரும்பிக்கூடப் பார்க்காமல், "எடுத்துரு புள்ள" என்பார். ஒரு கேக்கும் வீணானதில்லை.

ராகி, வாழவந்தி என்ற மலைக்கிராமத்திலிருந்து வந்தது. அங்கே மேட்டுக்காட்டில் விதைக்கிற ஓர் அக்கா, எனக்கு உறவில்லை, மூட்டையை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவார். என் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, மீந்துபோன கேக் ஓரங்களைப் பிள்ளைகளுக்கென்று முடிந்துகொண்டு போவார். எங்கள் ஊர்க்காரர்கள் அதே ராகியைக் கூழாகக் குடித்தால் இல்லாதவர் சாப்பாடு. அதையே நான் சதுரமாக வெட்டிக் கொடுத்தால் சென்னைக்காரர்கள் "ஹெல்தி" என்று வாங்கிப்போகிறார்கள். நான் என்ன குறை சொல்வது, அதில்தான் சாப்பிட்டோம்.

அந்த ஊரில் முன்பு கதிரடிக்க ஒரு களம் இருந்தது. இப்போது அங்கே விடுதிக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. களம் போனபிறகு எல்லாரும் அறுத்த கதிரைத் தார்ரோட்டில் பரப்பினார்கள். பஸ்ஸும் ஜீப்பும் ஏறிப் போகப்போக மணி உதிர்ந்துவிடும். மாடும் வேண்டாம், தடியும் வேண்டாம். டிரைவர்கள் யாரும் முகம் சுளிப்பதில்லை, அவர்களும் மலைக்காரர்கள்தான். ஒரே ஒரு கட்டுப்பாடு: பனி இறங்கினால் அள்ளிவிட வேண்டும். காய்ந்த ராகித் தாள் வண்டிக்கு ஒன்றும் செய்யாது. நனைந்துவிட்டால் சோப்பு போட்ட தரை.

அந்த மார்கழியில் ஒரு நாள், நாலு மணிக்கே பனி இறங்கியது. கூட்டி அள்ள அக்கா வாரியலை எடுத்துவிட்டார். ஆனால் கதிரில் இன்னும் கொஞ்சம் மணி ஒட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு பஸ் ஏறட்டும், அள்ளிரலாம்" என்று வாரியலைக் கீழே வைத்தார். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னதுதான் இது. பஸ் வருமுன் என் கணவர் வந்தார். வளைவில் பைக் வழுக்கி, தலை தடுப்புச் சுவரில் மோதியது. ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய தலையைத் தவிர எல்லா ஊருக்கும் போய் வந்த ஹெல்மெட் அது.

சேலம் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், எப்படி விழுந்தீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டார். "நாய் குறுக்க வந்துருச்சுங்க" என்றார். அக்காவின் பெயரை எடுக்கவே இல்லை. நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த முதல் காலையில் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சுடுதண்ணியாட்டம் இருக்குது" என்றார். அடுத்த நாள் பக்கத்திலேயே பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு நைந்துவிட்டது, வாசம் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். சோற்றைத் தட்டில் பார்த்துப் பார்த்து, அது சோறுதான் என்று தன்னையே நம்பவைத்துச் சாப்பிட்டார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் போட்ட கேக்குகளில் பாதி கருகின.

அக்கா பார்க்க வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. வாங்க என்று நானும் சொல்லவில்லை. நாசமாய்ப் போகட்டும் என்று மனசுக்குள் திட்டினேன், அவர் அழுதபோதுகூட. மலையுச்சியில் இருக்கிற சேர்வராயன் கோயிலில் அவர் வேண்டிக்கொண்டதைக் கேட்டதும் கோபம் இன்னும் ஏறியது. தம்பிக்கு வாசம் திரும்புகிறவரை ராகி விதையை மண்ணில் போடுவதில்லை என்று சாமியிடம் சொல்லியிருந்தார். அவர் விதைக்காவிட்டால் அவர் வீட்டில் களி இல்லை, என் வீட்டில் கேக் இல்லை. வேண்டிக்கொள்ளுமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வைகாசியில் கோயில் திருவிழா முடிந்து, மழை இறங்கி, எல்லாரும் ஏர் பூட்டிவிட்டார்கள். ஒரு மத்தியானம், மீதமிருந்த ராகி மாவைக் கலந்து ஓவனில் வைத்துவிட்டுத் துணி எடுக்க வெளியே வந்தேன். காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. பலாச்சுளைப் பையோடு அக்கா வாசலில் நின்றார்.

"ஏங்கண்ணு, தம்பிக்கு ஏதாச்சும் தெரியுதா?"

"இல்லீங்க்கா."

"எங்கூட்டுக்காரரு, எஸ்டேட்டுல நிக்கிற ஓக்கு மரத்தையே வெச்சுரலாம்னு நாத்து பேசிட்டாரு. நாளைக்குக் குழி எடுக்க ஆளு வருது. மரம் வந்துட்டா அப்பறம் அந்தக் காட்டுல ராகி ஏது?"

"வேண்டுதல விட்டுட்டு வெதைங்க்கா."

"சாமிகிட்டச் சொன்னத எப்பிடிக் கண்ணு விடுறது? நொம்பத் தப்புங்க."

அப்போது உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது. "அக்கா, கேக்கு வேகுதுங்க. வாசம் வருதுங்க."

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "என்ன வாசம் சாமி?"

"ராகி வறுபடுற வாசமுங்க. உங்க காட்டு ராகி. எடுத்துரு புள்ள, கருகிரும்."

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். மலையுச்சி இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டார். குழி எடுப்பதை நிறுத்த வேண்டும், ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அப்போதே கிளம்பினார். நானும் அழுதேன். மார்கழிக்குப் பிறகு முதல் தடவையாக அவர் கையைப் பிடித்து, "விதைங்க்கா" என்று அனுப்பினேன். பிடிதுணியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

ஓவன் ஜில்லென்று இருந்தது. ஊற்றினது ஊற்றினபடி மாவு ஈரமாகக் கிடந்தது. பல்ப் எரியவில்லை, ஃபிரிட்ஜ் சத்தமில்லை. காற்றில் எங்கோ கம்பி அறுந்திருக்க வேண்டும். அவர் ஓவனுக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"கரண்டு இல்லீங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "எப்பப் போச்சு?"

"நான் வெச்சதுமே போயிருக்கும். சூடே ஏறல."

"அக்கா போயிருச்சா?"

"பஸ்ஸுக்கு ஓடிருச்சுங்க."

"அப்பச் சரி."

அன்றைக்குப் போலீஸுக்கு முன்னால் ஓடவிட்ட நாயை இன்றைக்கு அக்காவுக்கு முன்னால் ஓடவிட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அக்காவை ஏமாற்றினால் ஏமாற்றட்டும். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் நானும் நம்பி ஓடி வந்தேனே. மாவுத் தட்டை எடுத்து வீசலாம் போலிருந்தது. வீசவில்லை. கழுவுகிறவளும் நான்தான்.

சாயந்திரம் கரண்டு வந்தது. சோடா செத்துப்போன மாவு, இனி உப்பாது. அது கடைசி ராகி என்பதால் எறிய மனம் வராமல் அப்படியே வேகவைத்தேன். அவர் நாற்காலியை ஓவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இப்ப என்ன வாசம் வருதுன்னு சொல்லு."

"எதுக்குங்க?"

"அடுத்த தடவ அக்கா உள்ள வந்து உக்காந்து கேக்கும். தப்பாச் சொல்லிரக் கூடாதுல்ல."

அடைத்த மூக்கைச் சிந்திவிட்டு ஓவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "இப்பச் சக்கரைங்க" என்றேன். வெகுநேரம் கழித்து, "ஆரஞ்சுத் தோலு" என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.