எஞ்சின் எண்ணெயில் போட்ட இட்லி சோடா

கப்பல் எஞ்சினில் ஓடி வடிந்த எண்ணெய் என் இடது தொடையைத் தின்றுகொண்டிருக்கிறது, வாஷி போய்ச் சேர்வதற்குள் எலும்பு தெரிந்துவிடும் என்று முழு மனதோடு நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பத்தாம் வகுப்பில் அறிவியலில் தேறியவன். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

போன மழைக்காலத்தில், பம்பாய் ஹார்பர் லைன் ரயிலில், செம்பூருக்கும் கோவண்டிக்கும் நடுவே நடந்தது இது. எனக்கு வீடு தாராவியில். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. கொடுத்ததைக் கொண்டுபோவேன், சொன்னதைக் கொண்டுவருவேன். அன்று காலை ஒரு சரக்குக் கப்பலில் ஏறி, அதன் சீஃப் எஞ்சினியரிடம் எண்ணெய் சாம்பிள் வாங்கினேன். ஐரோலியில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் அதைக் கொடுக்க வேண்டும். கப்பல் மறுநாள் மாலை கிளம்ப வேண்டும்.

எஞ்சினியர் தூத்துக்குடிக்காரர். பாட்டிலைக் கையில் கொடுக்கும்போது சொன்னார்: "பத்திரம் அண்ணாச்சி. இந்தத் தடவ ஏத்துன எரிபொருள்ல கந்தகம் சாஸ்தி. அது எரிஞ்சா ஆசிட் வரும். ஆசிட் வந்தா சிலிண்டரத் தின்னுரும். தின்னுருக்கா இல்லையான்னு இந்த பாட்டில்தான் சொல்லணும். நம்பர் நல்லாருந்தா கிளம்பிருவோம். இல்லேன்னா எஞ்சினத் திறந்து பாக்கணும். நடுக்கடல்ல நின்னுச்சுன்னா இருவது பேரும் மெதக்க வேண்டியதுதான்."

இவ்வளவு சொன்னாரே, என் காதில் விழுந்தவை மூன்றே சொற்கள். பாட்டில், ஆசிட், தின்னுரும்.

செம்பூர் தாண்டியதும் மடியில் ஈரம் தட்டியது. பையின் அடிப்பக்கம் நனைந்து, கறுப்பு பேண்ட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் பரவியிருந்தது. தொடை எரிந்தது. இரும்பையே தின்கிறது என்றால் நான் எம்மாத்திரம்? எழுந்து நின்று உதறினேன். எதிரே இருந்தவர் "க்யா ஹுவா சாச்சா?" என்று, என்ன ஆயிற்றெனக் கேட்டார். "ஆசிட்" என்றேன். அந்த நெரிசல் நேரத்து ரயிலில் என்னைச் சுற்றி நாலு பேர் உட்காரும் இடம் காலியானது. பம்பாயில் எனக்கு அத்தனை இடம் கிடைத்தது அன்று ஒரு நாள்தான்.

வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி தினமும் காலையில் இட்லி அவித்து விற்கிறவள்.

"ஏட்டி, ஆசிட் பட்டா என்ன போடணும்?"

"ஆசிட்டா! எங்க பட்டுது?"

"தொடையில."

"கண்ணுல படலல்லா? சோடா மாவு வாங்கச் சொன்னேனே, பையிலதான கெடக்கு? அள்ளிப் போடுங்க. மாவு புளிச்சா நான் என்ன பண்ணுதேன்? ஒரு சிட்டிகை போட்டா அடங்கிரும்லா!"

வாஷியில் இறங்கி, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, பேண்ட்டின் ஈரத்தில் சோடாவைக் கொட்டினேன். நுரைத்துப் பொங்கியது. பார்த்தீர்களா! ஆசிட் இல்லாமல் சோடா பொங்குமா? பத்தாம் வகுப்பு என்னைக் கைவிடவில்லை என்று பெருமைப்பட்டேன். பெருமை மூளைக்கு ஏறியதும் அடுத்த யோசனை வந்தது. சிந்தியதே இந்தப் பாடு படுத்தினால், பாட்டிலுக்குள் மிச்சம் இருப்பது ஐரோலி வரை என்னை விட்டுவைக்குமா? மூடியில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து, ஒரு கரண்டி அளவு சோடாவை உள்ளே போட்டுக் குலுக்கினேன். அங்கே ஒன்றும் பொங்கவில்லை. அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். டேப்பைப் பழைய மடிப்பு மாறாமல் திரும்பச் சுற்றினேன். அந்த வேலையை மட்டும் அன்று ஒழுங்காகச் செய்தேன்.

பரிசோதனைக் கூடத்தில் சாம்பிள் வாங்குபவர் முலுண்டிலிருந்து வரும் தமிழ்ப் பெண். பாட்டிலைத் துடைத்தவர் மூக்கைச் சுளித்தார்.

"அங்கிள், என்ன இது, ஆச்சார் ஸ்மெல் வர்றதே?"

எனக்கு இரண்டு நாளாக ஜலதோஷம், மூக்கு வேலை செய்யவில்லை. பையைக் கவிழ்த்தேன். தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள மனைவி கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் டப்பா மூடி திறந்து கிடந்தது. எரிந்தது மிளகாய். பொங்கியது எலுமிச்சைச் சாறு. எண்ணெய் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே வந்திருக்கவில்லை. அந்தப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பாட்டிலுக்குள் சோடா போட்டதைச் சொல்லவில்லை. ஒரே நாளில் ஒருவன் எத்தனை தடவை முட்டாளாவது?

கேட் வரை போனேன். ஒரு கரண்டிதானே, கறுப்பு எண்ணெயில் எவன் பார்க்கப் போகிறான் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் மனைவியின் மாவு நினைவுக்கு வந்து தொலைத்தது. புளித்த மாவில் அவள் சோடா போடுவது, தின்கிறவர்களுக்குப் புளித்ததே தெரியக் கூடாது என்றுதான். பாட்டிலுக்குள் நான் செய்ததும் அதுதானே? நம்பர் நல்லாருந்தா கிளம்பிருவோம் என்ற எஞ்சினியரின் குரல் அப்போதுதான் காதுக்குள் முழுதாக இறங்கியது. திரும்பி நடந்தேன்.

சொன்னதும் அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அங்கிள், இந்த எண்ணெய்ல காரம், மிளகாய்க் காரம் இல்ல, சோடா மாதிரி ஆல்கலி, அதைச் சேர்த்துதான் செய்யறாங்க. சிலிண்டர் சுவத்துல ஆசிட் வர வர, அந்தக் காரம் அதை அடக்கிண்டே இருக்கும். அடக்க அடக்கக் கொறையும். தீர்ந்துபோச்சுன்னா ஆசிட் இரும்புல கை வைக்கும். மிச்சம் எவ்வளவு காரம் இருக்குன்னுதான் நாங்க அளக்கறோம். நீங்க வெளியிலேர்ந்து போட்ட சோடாவும் அந்தக் கணக்குல சேர்ந்துடும்."

அங்கேயே நின்று எஞ்சினியருக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னேன்.

"அண்ணாச்சி, என் எஞ்சின என்ன இட்லிக் கொப்பரைன்னு நெனச்சியளா?" என்றார். பிறகு, "வாங்க, இன்னொரு பாட்டில் எடுத்து வச்சிருக்கேன்" என்றார். மறுபடி ரயில், மறுபடி துறைமுகம், மறுபடி ஐரோலி. மனைவியிடம் சொன்னபோது, "நான் தொடையிலதான போடச் சொன்னேன்?" என்று ஒரே கேள்வியில் கை கழுவிவிட்டாள்.

இன்றும் துறைமுகத்தில் என்னைப் பார்த்தால் அந்த எஞ்சினியர் முதலில் கேட்பது, பையில் சோடா இருக்கிறதா என்றுதான். நான் பையைத் திறந்து காட்டுவேன். வெட்கப்படுவதில்லை. எனக்கு வெட்கம் தருவது அந்தக் கேட் வரை நடந்து போனதுதான்.

அந்தச் சோடா கூத்துக்கு மறுநாள் மதியம் இரண்டாவது பாட்டிலின் முடிவு வந்தது. காரம் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. கப்பல் கிளம்பவில்லை. எஞ்சினைத் திறந்தார்கள், ஒரு சிலிண்டரின் உள்சுவர் அரித்துப்போயிருந்தது, மாற்றினார்கள். சோடா போட்ட பாட்டிலையும் அந்தப் பெண் சும்மா அளந்து பார்த்திருக்கிறார். அதில் நம்பர் நன்றாக இருந்தது.