மேனேஜர் கழுவிய கழிப்பறை

"ஆடித்தபசுக் கொடியேற்றத்துக்கு முந்தின சனி. வேலை தொடங்குமுன் மேனேஜர் தாமே கழிப்பறையைக் கழுவினார். பினாயில் வாடை மதியம் வரை." சென்ற ஆண்டு நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். அன்று மெச்சித்தான் எழுதினேன்.

விசைத்தறிச் சேலைகளை வாங்கி, குறை பார்த்து, மடித்து வெளியூருக்கு அனுப்பும் கிட்டங்கி அது. சரக்குக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. புதிதாக வந்த மேனேஜருக்கு, தலைவன் முதலில் பணியாளன் என்பது கொள்கை. அப்படிச் சொல்கிற புத்தகங்களை நானும் படித்திருக்கிறேன். அவற்றில் வரும் ஊழியர்கள் எல்லோரும் நல்லவர்கள்.

சேலையில் குறை பார்க்கும் பெண்ணிடம் என்ன வேண்டும் என்று கேட்டார் மேனேஜர். மேசைக்கு மேல் நல்ல விளக்கு என்றதும் மறுநாளே மாட்டிக் கொடுத்தார். அதன்பின் இழை அறுந்த சேலை எதுவும் அந்த மேசையைத் தாண்டவில்லை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை; அந்தப் பெண்ணுக்குக் கால் நரம்புகள் புடைத்துவிட்டன. காலியாக இருந்த சூப்பர்வைசர் இடம் கிடைத்தால் உட்கார்ந்து வேலை செய்யலாம். கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மடித்த சேலைகளைப் பொதியாகப் பேல் கட்டுபவர் சம்பளத்துக்கு மட்டும் வருகிறவர். அது தவறில்லை. ஆனால் மேனேஜர் கழுவத் தொடங்கியபின், கழிப்பறைக்குப் போனால் தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்திவிட்டார். வாஷ்பேசின் முழுக்கப் புகையிலை எச்சில். நான் கேட்டதற்கு, "கழுவுததுக்குன்னே பெரிய படிப்பு படிச்ச ஆளு வந்திருக்காரே, நமக்கென்ன அண்ணாச்சி" என்றார். மேனேஜர் அதையும் சிரித்த முகத்தோடு துடைத்தார். எனக்கு அருவருப்பூட்டியது எச்சிலா, அந்தச் சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மடிப்புப் பகுதியில் இருந்த இன்னொருவருக்கு சூப்பர்வைசர் இடத்தின்மேல் கண். முதலாளி மதுரையிலிருந்து வரும் நாளில் மட்டும், வேட்டியை மடித்துக் கட்டி, பிரஷ்ஷோடு கழிப்பறை வாசலில் நிற்பார். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்வதும் அவரே. குறை பார்க்கும் பெண் திரும்பாமலே சொன்னார்: "படத்துக்காவது அந்த பிரஷ்ஷ நனைச்சுக்கிடுங்க அண்ணாச்சி." எல்லோரும் சிரித்தோம். முதலாளி படத்துக்குக் கட்டைவிரல் போட்டிருந்தார்.

தீபாவளிச் சரக்கு போய் முடிந்த வாரம் அறிவிப்பு வந்தது. சேவை மனப்பான்மைக்காக பிரஷ்காரரே சூப்பர்வைசர்.

அந்தப் பெண் நேரே மேனேஜர் அறைக்குப் போனார். "சார், சூப்பர்வைசரா யாரப் போடன்னு மொதலாளி கேட்டப்ப யாரு பேரச் சொன்னிய?"

"எனக்கு எல்லாரும் ஒண்ணுதாம்மா" என்றார் மேனேஜர், தாமே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டபடி. அந்தப் பெண் உட்காரவில்லை. மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டார்.

மேனேஜர் அந்தப் பெண்ணின் பெயரைத்தான் சொன்னார், முதலாளிதான் தட்டிக்கழித்துவிட்டார் என்கிறார் சரக்கு ஏற்ற வரும் லாரி டிரைவர். யார் பெயரையும் சொல்லவில்லை என்கிறார் பேல் கட்டுபவர். இரண்டுக்கும் சாட்சியில்லை. மேனேஜரிடம் நானே இருமுறை கேட்டேன். இருமுறையும் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். முதலாளியிடம் அவர் என்ன சொன்னார் என்பது இதுவரை உறுதியாகவில்லை.